படுத்தவர் கேட்ட கணக்கு

"சென்ற வாரம் எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?"

"தெருமுனைக் கடை வரையில், டாக்டர்."

"நடக்கும்போது களைப்பு மிகுந்ததா?"

"அப்போது அவ்வளவாக இல்லை."

"பார்த்தீர்களா! முடியாது, முடியாது என்றீர்கள், முடிந்துவிட்டதே! இந்த வாரம் இன்னும் சற்றுத் தொலைவு கூட்டுங்கள்."

"டாக்டர், நான் நடந்தது திங்கட்கிழமை. செவ்வாயும் புதனும் வியாழனும் தலையணையை விட்டுத் தலையைத் தூக்க முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்திற்று. பேச நா எழவில்லை."

"அது அச்சம் அம்மா, அச்சம்! நடந்தால் கெடுதல் வரும் என்று எண்ணுகிறீர்கள், எண்ணுவதால் வருகிறது. எண்ணத்தை மாற்றுங்கள், உடல் மாறும்."

உரையாடல் என் கற்பனை. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு நோய்க்கு ஆளானோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அனுபவத்தின் சுருக்கம் அது. மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ் என்பது அந்த நோயின் ஒரு பெயர். நாட்பட்ட களைப்பு நோய் என்பது மற்றொரு பெயர். முதற் பெயர் வாயில் நுழைவதில்லை. இரண்டாம் பெயரோ, நோயையே நையாண்டி செய்கிறது. "களைப்பா? எனக்குந்தான் களைப்பு!" என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடலாமல்லவா!

உழைத்தவனுக்கு வரும் களைப்பன்று அது. ஏதோ ஒரு காய்ச்சல் வரும், எல்லோரையும் போல எழுந்துவிடுவோம் என்று எண்ணியிருப்பர், எழ மாட்டார்கள். உறங்கினாலும் ஓய்வு கிட்டாது. நிற்கும்போது நெஞ்சு படபடக்கும். படித்த வரி மனத்தில் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்நோய்க்கே உரிய அடையாளம் ஒன்றுண்டு: சிறு உழைப்புக்குப் பிறகு, அன்றோ மறுநாளோ, சில வேளைகளில் இரண்டு நாள் கழித்தோ, உடல் அடியோடு சரியும். அந்தச் சரிவு பல நாள் நீடிக்கும். சிலருக்குத் திங்கட்கணக்கில் நீடிக்கும். அமெரிக்காவில் 8,36,000 பேரிலிருந்து 25 லட்சம் பேர் வரை இந்நோயால் வாடுகின்றனர் என்றும், அவர்களிற் பெரும்பாலோருக்கு நோய் இன்னதென்றே கண்டுரைக்கப்படவில்லை என்றும், அங்குள்ள இன்ஸ்டிடியூட் ஆப் மெடிசின் 2015-இல் அறிக்கை தந்தது. குறைந்தது நால்வரில் ஒருவர், நோயின் ஏதோ ஒரு கட்டத்தில், வீட்டை விட்டோ படுக்கையை விட்டோ வெளிவர இயலாதவர்.

இதிலே பகுத்தறிவாளருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே, சற்றுச் சங்கடமான வேலை.

"வேண்டிக்கொண்டேன், வயிற்றுவலி போயிற்று" என்று ஒருவன் சொல்கிறான். "உன் அனுபவம் சான்றாகாது தம்பி" என்கிறோம். "தாயத்துக் கட்டினேன், தலைவலி தீர்ந்தது" என்கிறாள் மற்றொருத்தி. அவளுக்கும் அதே விடை. அப்படியிருக்க, "நடந்தேன், விழுந்தேன்" என்று சொல்பவளை மட்டும் எவ்வாறு நம்புவது? பட்டம் பெற்ற பேராசிரியர் ஒரு பக்கம். பாயோடு பாயாகக் கிடக்கும் நோயாளி மறு பக்கம். பகுத்தறிவாளன் எந்தப் பக்கம்? விஞ்ஞானத்தின் பக்கம் என்று விரைந்து விடை தருவோம். விஞ்ஞானம் எந்தப் பக்கம் நின்றது என்பதே வழக்கு!

1955 ஜூலையில் லண்டன் மாநகரின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு நோய் பரவிற்று. நவம்பர் முடிவதற்குள் 292 ஊழியர் அதற்கு ஆளாயினர். அவர்களிற் பலர் மருத்துவரும் தாதியரும், மருந்தின் மணத்திலேயே வாழ்ந்தவர்கள். அங்கே ஏற்கெனவே படுத்திருந்த உள்நோயாளிகளில் 12 பேருக்கு மட்டுமே அது வந்தது. மருத்துவமனையையே மூடினர், அக்டோபரில்தான் திறந்தனர். அங்கே தொற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றிய மெல்வின் ராம்சே என்னும் மருத்துவர் அந்நோயாளிகளைத் தம் கண்ணால் கண்டவர். பின்னரும் பல ஆண்டுகள் இந்நோயைப் பற்றியே எழுதிவந்தவர்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970-இல் மெக்கெவெடி, பியர்ட் என்னும் மனநோய் மருத்துவர் இருவர், பழைய குறிப்பேடுகளைப் புரட்டினர். நோயாளி ஒருவரையேனும் நேரிற் கண்டு கேட்டனரா? இல்லை. ஏட்டைக் கண்டனர், எழுதினர்: "இது கூட்டு ஹிஸ்டீரியா." காரணம்? வீழ்ந்தவரில் பெண்கள் மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று! புகழ்பெற்ற பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதனை வெளியிட்டது. பேராசிரியர்கள் படித்தனர், மாணவர்க்குப் போதித்தனர், அந்த மாணவர்கள் மருத்துவராகி, நோயாளி வந்து நின்றபோது புன்னகை புரிந்தனர்.

ஹிஸ்டீரியா என்னும் சொல்லின் வேர் தெரியுமா? கிரேக்க மொழியில் கருப்பை என்று பொருள். பூசாரியின் முன்னே பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்; "பேய் பிடித்திருக்கிறது" என்கிறான் அவன். "இல்லை, எனக்கு உடம்பு சரியில்லை" என்கிறாள் அவள். "கேட்டீர்களா, பேய்தான் பேசுகிறது!" என்கிறான். இங்கே மருத்துவர், "உன் மனத்தின் வேலை இது" என்கிறார். "இல்லை" என்றால், "அப்படி மறுப்பதே நோயின் குறி" என்கிறார். வேப்பிலைக்குப் பதில் ஒரு கிரேக்கச் சொல், அவ்வளவே வேற்றுமை! மறுக்க வழியே வைக்காத ஒரு கருத்தை, அது கோயில் வாசலில் பிறந்தாலும் கல்லூரி மண்டபத்தில் பிறந்தாலும், நாம் ஒரே தராசில்தான் வைக்க வேண்டும். மனம் உடலை வாட்டாது என்று சொல்ல வரவில்லை, வாட்டும். மனநோய் இழிவுமன்று, பொய்யுமன்று. ஆனால் அதுவும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒரு கூற்று. வேறு காரணம் தெரியவில்லை என்பதால் தானாக நிலைபெற்றுவிடும் உரிமை அதற்குக் கிடையாது.

ஏளனத்துக்கு ஒரு விலையுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் 1995 முதல் 1998 வரை இந்நோயின் ஆராய்ச்சிக்கென்று 2 கோடியே 27 லட்சம் டாலர் கணக்கெழுதிற்று. உள்ளே இருந்த அதிகாரி ஒருவரே முறையிட, 1999-இல் தணிக்கை நடந்தது. 88 லட்சம் டாலர் வேறு வேலைகளுக்குப் போயிருந்தது! இன்னும் 41 லட்சத்துக்குச் சரியான ஆவணமே இல்லை. கேலிக்குரியவர் என்று ஒரு கூட்டத்தாரை முத்திரை குத்திவிட்டால், அவர்கள் பெயரால் ஒதுக்கிய பணத்தை எடுத்துக்கொள்ளக் கை கூசுவதில்லை.

இனி, வழக்கின் நடுவிடத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 2005-இல் பேஸ் என்னும் பெரிய ஆய்வுக்கு நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினர். 641 பேர் சேர்ந்தனர். செலவு ஏறத்தாழ 50 லட்சம் பவுன், அரசுப் பணம். பணம் கொடுத்தவர்களில், நோயுற்றோருக்கு உதவித்தொகை வழங்கும் இலாகாவும் ஒன்று என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளிகளை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஒரு பிரிவினருக்கு, சக்திக்கேற்ப வாழப் பழகும் முறை. மூன்றாம் பிரிவினருக்கு எண்ணத்தைத் திருத்தும் சிகிச்சை. நான்காம் பிரிவினருக்கு, வாரா வாரம் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி.

2011 பிப்ரவரியில் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. எண்ணச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் பெற்றோரில் 100-க்கு 60 பேர் அளவில் முன்னேறினர் என்றனர். 2013-இல் இன்னொரு கட்டுரை: அவ்விரு பிரிவிலும் 100-க்கு 22 பேர் குணமாயினர், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 7 பேரே குணமாயினர். பத்திரிகைகள் முழங்கின. எழுந்து நட, நோய் பறக்கும்! சோம்பலுக்கு மருந்து சுறுசுறுப்பு!

நோயாளிகளும் படித்தனர். பலர் படுத்த படுக்கையிலேயே, நாளுக்குச் சில பக்கமாகப் படித்தனர். படித்தவர் கண்ணில் ஓர் எண் இடறிற்று.

உடலின் இயக்கத்தை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோல் ஒன்றுண்டு. 65-உம் அதற்குக் கீழும் பெற்றவரே நோயாளி என்று ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குணமானோர் என்று கொள்ள 85 வேண்டும் என்பது முதலில் எழுதிய திட்டம். முடிவை வெளியிடும்போது அந்த 85, 60 ஆயிற்று! பொருள் விளங்குகிறதா? 65 பெற்று நோயாளியாக உள்ளே நுழைந்த ஒருவர், மேலும் நலிந்து 60-க்கு இறங்கினாலும், இந்த அளவுகோலின்படி குணமானோர் எல்லைக்குள் வந்துவிடுகிறார். தேர்வில் 40-க்குக் கீழ் வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு தனிப்பயிற்சிப் பள்ளி, பிறகு "35 வாங்கினால் தேர்ச்சி" என்று விதியை மாற்றிக்கொண்டு, "எங்கள் மாணவர் தேறிவிட்டனர்" என்று தட்டி கட்டினால் ஊர் சிரிக்காதா? குணம் என்று கொள்ள வேறு சில நிபந்தனைகளும் இருந்தன, உண்மை. ஆயினும், உடல் இயக்கம், களைப்பு என்னும் இரண்டு அளவுகளில் ஒன்றிலேனும், சேர்ந்த நாளிலேயே 'இயல்பு' எல்லைக்குள் இருந்தவர் 100-க்கு 13 பேர்!

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். நோயாளியின் சொல் சான்றாகாது என்றார்கள் அல்லவா? இந்த ஆய்வின் முதன்மை முடிவுகள் எதிலிருந்து பிறந்தன? நோயாளிகள் நிரப்பிய வினாத்தாளிலிருந்து! தமக்கு எந்தச் சிகிச்சை தரப்படுகிறது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். இது நன்மை தரும், நம்புங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பயிற்றினர், பயிற்றியபின், "நலமா?" என்று கேட்டனர். "சற்றுத் தேவலை" என்று எழுதினால் அச்சொல் விஞ்ஞானம்! "கெட்டுப்போனேன்" என்று வெளியே நின்று கூவினால் அச்சொல் நோயின் மயக்கம்! நாவு ஒன்றுதான், நமக்கு வேண்டியதைச் சொல்லும்போது மட்டும் அது நம்பிக்கைக்குரியதாகிவிடுகிறது.

சொல்லை விட்டுவிட்டுக் காலைக் கேட்டால்? உடற்பயிற்சிப் பிரிவினர், ஓராண்டின் முடிவில், 6 நிமிடத்தில் சராசரி 379 மீட்டர் நடந்தனர். மற்றப் பிரிவினரைவிடச் சற்று மிகுதிதான். ஆனால் உடல்நலமுள்ளவர் அதே நேரத்தில் நடக்கும் தொலைவுக்கு வெகு கீழே. படியேறிச் சோதித்த உடல் வலிமையில், பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேற்றுமை தென்படவில்லை.

அளவை மாற்றியதற்குக் காரணம் உண்டு, மேற்பார்வைக் குழுவின் ஒப்புதலும் உண்டு என்பது ஆய்வாளர் வாதம். இருக்கட்டும். அப்படியானால் பழைய அளவின்படியும் கணக்குப் பார்ப்போமே! பெயர்களை நீக்கிவிட்டு எண்களைக் கொடுங்கள் என்று ஆஸ்திரேலியாவில் இருந்த நோயாளி ஒருவர், 2014 மார்ச்சில், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார். மறுத்தனர். 2015 அக்டோபரில் தகவல் ஆணையர், கொடு என்றார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது; வழக்குக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் செலவிட்டது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் கணக்கை, அந்த நோயால் வாடும் ஒருவருக்குக் காட்டாதிருக்க அத்தனை செலவு!

நோயாளிகளால் ஆய்வாளருக்கு ஆபத்து என்றும் அங்கே வாதிடப்பட்டது. வசைக் கடிதமும் மிரட்டலும் வந்ததாக ஆய்வாளர் சிலர் வெளியே கூறியதுண்டு. எவர் மிரட்டினாலும் அது குற்றம். துன்பம் அதற்கு விலக்காகாது. ஆனால் நடுவர் மன்றம் சான்று கேட்டபோது, கருத்தரங்கு ஒன்றில் யாரோ குறுக்கிட்டுக் கூவியதற்கு மேல் எதுவும் காட்டப்படவில்லை. ஆபத்து மிகமிகப் பெரிதுபடுத்தப்பட்டது என்றது மன்றம். 2016 ஆகஸ்டில் தீர்ப்பு: எண்களைக் கொடுத்துவிடு!

எண்கள் வந்தன. நியூசிலாந்து உளவியலறிஞர் கரோலின் வில்ஷயரும், நோயாளிகள் அடங்கிய அவர் குழுவினரும், ஆய்வாளரே முதலில் எழுதிய திட்டப்படி கணக்கிட்டனர். 22 என்றிருந்த குணமானோர் எண், எண்ணச் சிகிச்சையில் 7 ஆயிற்று. உடற்பயிற்சியில் 4 ஆயிற்று. வழக்கமான மருத்துவத்தில் 3. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேற்றுமை அவற்றுள் இல்லை. முன்னேறியோர் எண்ணையும் பழைய திட்டப்படி பல்கலைக்கழகமே வெளியிட்டது: 60 அளவில் இருந்தது, 20 அளவுக்கு இறங்கிற்று!

2007-இல் இவ்விரு சிகிச்சைகளையும் பரிந்துரைத்தது நைஸ் என்னும் இங்கிலாந்தின் வழிகாட்டு நிறுவனம். 2021 ஆகஸ்டில் புதிய வழிகாட்டியை வெளியிட இருந்தனர். மருத்துவ வட்டாரத்தின் எதிர்ப்பால் கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தனர். அக்டோபர் 29-இல் வெளியிட்டனர். கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சி இந்நோயாளிகளுக்குத் தரப்படலாகாது என்றது அது. எண்ணச் சிகிச்சை நோயைப் போக்கும் மருந்தன்று; துன்பத்தைத் தாங்க உதவும் துணையாக, விரும்புவோருக்குத் தரலாம் என்றது.

நோயாளி சொல்வதெல்லாம் உண்மை என்று இதனால் முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 2009 அக்டோபரில் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் வைரஸ், சோதித்த 101 நோயாளிகளில் 68 பேரின் இரத்தத்தில் இருந்தது என்றது. எத்தனை மகிழ்ச்சி! கண்ணீர் வடித்தனர், இனி எவரும் நம்மைப் பொய்யர் என்னார் என்று கடிதம் எழுதினர், சிலர் அந்த வைரஸுக்கென மருந்தும் உட்கொண்டனர். பிற கூடங்களில் தேடினர், கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே கலந்த மாசு அது என்று தெளிவாயிற்று. 2011 டிசம்பரில் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012-இல் 147 நோயாளிகளையும் 146 நலமுள்ளோரையும் மீண்டும் சோதித்தனர்; வைரஸ் இல்லை. முதற் கட்டுரையை எழுதியோரும் அச்சோதனையில் பங்குகொண்டிருந்தனர். முடிவை அன்று ஒப்புக்கொண்டனர். நோயாளிகளுக்கு அது பேரிடி. ஆனாலும், வேண்டிய விடை கிடைக்கவில்லை என்பதற்காகச் சோதனையை வெறுக்கலாகாது.

ஆக, எதை நம்புவது? நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். "தாயத்தால் தலைவலி தீர்ந்தது" என்பதில் இரண்டு செய்திகள் உள்ளன. தலைவலி இருந்தது, பின்பு இல்லை என்பது ஒன்று. தாயத்தே காரணம் என்பது மற்றொன்று. முதலாவதற்கு அவளே சாட்சி. அவளைவிட நல்ல சாட்சி உலகில் இல்லை. இரண்டாவதற்கு அவள் சாட்சியே அல்லள். "திங்களன்று நடந்தேன், புதனன்று விழுந்தேன்" என்பது முதல் வகை. அதைக் கேட்டவுடன் விஞ்ஞானி செய்ய வேண்டியது, குறித்துக்கொண்டு சோதிப்பது. "வைரஸே காரணம்" என்பது இரண்டாம் வகை; "உன் அச்சமே காரணம்" என்பதும் இரண்டாம் வகைதான், சொல்பவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினாலும்! நோயாளி தம் எல்லையைத் தாண்டியபோது சோதனை அவரைத் திருத்திற்று. மருத்துவர் தாண்டியபோது, திருத்துவதற்குப் படுக்கையில் கிடந்தவர் வழக்காட வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வே எனக்கு உறுத்துகிறது.

சோதிக்கவே முடியாத செய்தியா அது? இன்று மிதிவண்டிச் சோதனை, நாளை மீண்டும் அதே சோதனை என்று இரு நாள் அடுத்தடுத்து அமெரிக்க ஆய்வாளர் சிலர் நடத்தினர். நலமுள்ளவர் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு மிதித்தனர். இந்நோயாளிகளின் உழைப்புத் திறன் இரண்டாம் நாள் குறைந்தது. 2013-இல் அச்சிட்டனர். ஒரு நாள் மட்டும் சோதித்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று அனுப்பியவர்கள், நோயாளி சொன்னபடி மறுநாளும் சோதித்திருந்தால் எப்போதோ கண்டிருக்கலாம்! 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர், கொரோனாவுக்குப் பின் இதே போன்ற சரிவால் வாடுவோர் 25 பேரின் தசையை, உழைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தனர். உழைப்புக்குப் பின் தசையில் சிதைவு மிகுந்திருந்தது. அச்சம் தசையைச் சிதைக்குமா? சிதைக்கும் என்பவர் அதையும் சோதித்துக் காட்டட்டும்.

2020-இல் கொரோனாவுக்குப் பின் தேறாதவர்கள், பழைய நோயாளிகளைப்போல் காத்துக்கொண்டிருக்கவில்லை. "நீள் கொரோனா" என்னும் பெயரையே அவர்கள்தாம் வைத்தனர். தாமே வினாத்தாள் எழுதி, 56 நாடுகளிலிருந்து 3,762 பேரின் விடைகளைத் திரட்டி, 2021-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்களுள் ஆராய்ச்சி கற்றவரும் இருந்தனர், அதனால் முடிந்தது. கற்காத நோயாளியின் குரலுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று. அமெரிக்க தேசிய சுகாதார நிலையம் பல ஆண்டுகள் முயன்று, 2024 பிப்ரவரியில் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டது. அதில் நுணுகிச் சோதிக்கப்பட்ட நோயாளிகள் 17 பேர். ஆய்வு நிலையத்துக்குப் பயணம் செய்து, நாட்கணக்கில் தங்கி, சோதனைகளைத் தாங்கக்கூடியவர்களே அந்த 17 பேராக இருக்க முடியும். இருட்டறையில், குரல் கேட்டாலும் தாங்காமல் கிடப்பவர் எந்த ஆய்வுக்கூடத்துக்கு வருவார்? நோய் முற்றியவரை விட்டுவிட்டு நோயை ஆராய்வது, வெள்ளத்தில் மூழ்கிய ஊரை விட்டுவிட்டுக் கரையோர ஊரில் நீர்மட்டம் அளப்பது போன்றது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பான்டிங் முன்னின்று நடத்திய ஆய்வு இதற்கொரு வழி கண்டது. டிகோட் எம்.ஈ. என்பது அதன் பெயர். 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்திலேயே நோயாளிகளும், அவர்களைப் பேணுவோரும் அமர்ந்திருந்தனர். எவரும் ஆய்வுக்கூடம் வர வேண்டாம் என்றனர். வீட்டுக்கே தபாலில் சிறு குப்பி போயிற்று. படுத்தவர் படுத்தவாறே அதில் எச்சிலைத் துப்பித் திருப்பி அனுப்பலாம். 15,579 நோயாளிகளின் மரபணுவை, 2,59,909 பிறர் மரபணுவோடு ஒப்பிட்டனர். 2025 ஆகஸ்டில் முதல் முடிவைச் சொன்னார்கள்: மரபணுத் தொகுதியில் எட்டு இடங்களில் வேற்றுமை தென்படுகிறது, அவற்றிற் சில, கிருமியை எதிர்க்கும் ஆற்றலோடும் நரம்போடும் தொடர்புடையவையாகக் கூடும். ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. காரணம் இதுதான் என்று அவை சொல்லிவிடவில்லை. மருந்தும் கைக்கு வந்துவிடவில்லை. ஆய்வாளரும் அதை மறைக்காமல் சொன்னார்கள். எண்களையும் பிறர் பார்க்க வெளியே வைத்தார்கள். இம்முறை எவரும் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.